உரித்தால் போகுமா மங்கு?

தோல் நலம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கெமிக்கல் பீல் எனப்படும் அமிலப் பூச்சுச் சிகிச்சையைப் பற்றியே இருந்தமையால், இம்மாதப் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 44. இருபது வருடமாக உப்பளத்தில் வேலை செய்கிறேன். இரண்டு கன்னங்களிலும் மூக்கின் மேலும் கருமை படர்ந்து, இப்போது மேலுதட்டுக்கும் இறங்கிவிட்டது. பக்கத்து ஊர் பியூட்டி பார்லரில், ஆசிட் வைத்து ஒரே தடவையில் தோலை உரித்து எடுத்துவிடலாம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா? இதை என் மகள் எழுதித் தருகிறாள்.
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: பார்லரில் வேண்டாம் அம்மா. ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்று ஒரு மருத்துவரே சொன்னாலும், அவரிடமும் வேண்டாம். தோல் மருத்துவர் ஒருவர் பார்த்து, தகுந்த பருவத்தில், சிறுகச் சிறுகச் செய்வதானால் செய்துகொள்ளலாம்.

நீங்கள் குறிப்பிடும் இடங்களைப் பார்த்தால் இது மங்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆயினும் வெயிலில் உழைப்பவரின் முகத்தில் உள்ள கருமை எல்லாம் மங்கு ஆகிவிடாது. தலைச்சாயத்தின் ஒவ்வாமையால் நெற்றியோரமும் காதோரமும் கறுப்பதுண்டு. குங்குமத்தில் கலந்த சாயம் ஒத்துக்கொள்ளாமல் வகிடும் நெற்றியில் பொட்டு வைக்கும் இடமும் கறுப்பதுண்டு. உடற்பருமனும் சர்க்கரை நோயின் தொடக்கமும் உள்ளவர்களுக்குக் கழுத்திலும் கன்னப்பொட்டோரத்திலும் தடித்த கருமை வருவதுண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒவ்வாமையால் கறுத்த முகத்தில் அமிலம் வைத்தால் கருமை கூடுமே தவிரக் குறையாது. ஆகவே, எந்த அமிலம் என்று கேட்பதற்கு முன், இது என்ன கருமை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பீல் என்பது அளந்து உண்டாக்கப்படும் ஒரு காயம். அமிலம் எந்த ஆழம் வரை செல்கிறதோ அந்த ஆழம் வரை பழைய தோல் கழன்று, அடியிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் புதுத் தோல் வளர்ந்து மூடுகிறது. மேல்தோலோடு நிற்பது மேலோட்டமான பீல். உட்தோலின் மேற்பகுதியைத் தொடுவது நடுத்தரம். அதற்கும் கீழே இறங்குவது ஆழமான பீல். வெள்ளைத் தோலினருக்கு வெயிலின் கேடு பெரும்பாலும் சுருக்கமாகவும், புற்றாக மாறக்கூடிய சொரசொரப்பான திட்டுகளாகவும் வருவதால், அங்கே 35 சதவீத டிரைகுளோரோஅசிடிக் அமிலம் போன்ற நடுத்தர பீல்கள் வழக்கத்தில் உள்ளன. நமக்கு அந்த இரண்டையும் தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு தடுத்துக் காக்கிறது. ஆனால் காக்கும் அந்த மெலனினே சிகிச்சையின்போது நமக்குத் தொல்லையாகிறது. கொசு கடித்த இடமும் எண்ணெய் தெறித்த இடமும் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நம் தோலின் நிற உயிரணுக்கள் எந்தக் காயத்துக்கும் கறுத்தே பதில் சொல்லும் இயல்புடையவை. அமிலக் காயத்தையும் அவை அப்படித்தான் எடுத்துக்கொள்கின்றன. ஒரே தடவையில் ஆழமாக உரித்தால், மங்கு இருந்த இடத்தில் அதைவிடக் கறுத்த திட்டு நிற்கக்கூடும், சில வேளை தழும்பும் சேர்ந்து நிற்கும்.

எனவே மங்குக்கு நாங்கள் மேலோட்டமான பீலையே பயன்படுத்துகிறோம். கரும்பிலிருந்தும் பெறக்கூடிய கிளைகாலிக் அமிலத்தை 20 அல்லது 30 சதவீத அளவில் ஓரிரு நிமிடம் வைத்து, சமையல் சோடா கரைத்த நீரால் அதன் வேகத்தை முறித்து, தோல் தாங்குவதைப் பார்த்து அடுத்தடுத்த முறைகளில் அளவையோ நேரத்தையோ சற்றே கூட்டுவோம். இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாக ஏறக்குறைய ஆறு முறை தேவைப்படும். தோல் மிக மென்மையானவர்களுக்கு மெதுவாக இறங்கும் மாண்டலிக் அமிலமோ லாக்டிக் அமிலமோ ஏற்றது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக இரண்டு முதல் நான்கு வாரங்கள், மருத்துவர் எழுதித் தரும் நிறங்குறைக்கும் களிம்பையும் சன்ஸ்கிரீனையும் பூசித் தோலைப் பதப்படுத்த வேண்டும். பலரும் இந்தப் பகுதியை வீண்செலவு என்று எண்ணித் தாண்டிவிட நினைக்கிறார்கள். பீலுக்குப் பின் கறுத்துப்போய் வருகிறவர்களில் பலர் இதைத் தாண்டியவர்களே.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் விழுவதில்லை. வெண்ணிற உப்பிலும் பாத்தி நீரிலும் பட்டுக் கீழிருந்தும் முகத்தில் அடிக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் நிற்பவரிடம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்று சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. கூலியில் எத்தனை பங்கு அதற்குப் போகும் என்பது தெரியாதவன் அல்லன். ஆகவே அகன்ற விளிம்புத் தொப்பியும், மூக்கையும் கன்னத்தையும் மூடிக் கட்டிய நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியும் உங்களுக்கு முதல் மருந்து. சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால், அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயலுள்ள வகையாக வாங்குங்கள். மங்கைக் கூட்டுவதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்குண்டு, அதை வெள்ளைக் களிம்புகள் போதிய அளவு தடுப்பதில்லை.

பீலுக்கு உகந்த காலம் உங்கள் தொழிலிலேயே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கி, உப்பு வாருவது நின்று, பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான நாட்களில் நான்கு முறையாவது செய்துகொள்ள இயலும். புரட்டாசியிலேயே களிம்பைத் தொடங்கிவிட வேண்டும். மாசியில் திரும்ப அளத்தில் இறங்கும்போது துணியை மறந்தால் மங்கு திரும்பி வரும். கவனமாக இருந்தாலும் கொஞ்சம் திரும்பக்கூடும். அது அடியோடு போகும் நோய் அன்று, அடக்கி வைக்கப்படும் நோய். இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிறவரை நம்பாதீர்கள்.

கேள்வி: எனக்கு 26 வயது. பருக்கள் வந்து போனதில் இரு கன்னங்களிலும் குழிகள் நிறைய உள்ளன; பழுப்புப் புள்ளிகளும் இருக்கின்றன. தை மாதம் திருமணம், இன்னும் ஏழு வாரங்களே உள்ளன. பீல் செய்தால் குழிகள் நிரவுமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுப்புப் புள்ளிகள் ஓரளவு வெளுக்கும். குழிகள் ஏழு வாரத்தில் நிரவா. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் பீல் செய்துகொண்ட பலர் ஏமாற்றமடைகின்றனர். புள்ளி என்பது மேலே தங்கிய நிறம். குழி என்பது உள்ளே இழந்த சதை.

குழிகளிலும் வகை உண்டு. ஊசியால் குத்தியது போல் வாய் குறுகி ஆழமாக இருப்பவை ஒரு வகை. அம்மைத் தழும்பைப் போல் செங்குத்தான விளிம்போடு இருப்பவை இன்னொன்று. விளிம்பே இல்லாமல் தோல் அலையலையாகத் தாழ்ந்திருப்பவை மூன்றாவது. இவற்றில் அமிலம் சிறப்பாக வேலை செய்வது முதல் வகையில். 2002-இல் கொரிய மருத்துவர்கள் விவரித்த கிராஸ் என்னும் முறையில், 65 முதல் 100 சதவீதம் வரை செறிவுள்ள டிரைகுளோரோஅசிடிக் அமிலத்தைக் கூரிய மரக்குச்சியின் நுனியில் தொட்டு, ஒவ்வொரு குழியின் அடியிலும் மட்டும் அழுத்தி வைக்கிறார்கள். சில நொடிகளில் அவ்விடம் வெண்மையாகும். பின்னர் பொருக்குக் கட்டி, சில நாட்களில் உதிரும். அதன்பின் மாதங்கள் செல்லச் செல்ல உள்ளே கொலாஜன் என்னும் புரதம் சேர்ந்து குழியின் அடி மேலேறும். சில வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டிய வேலை இது. அதே அமிலத்தை முகம் முழுவதும் பூசினால் வெந்துவிடும் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். அலையலையான தாழ்வுகளுக்கு, தோலை அடியில் பிடித்திழுக்கும் நார்களை ஊசியால் அறுத்துவிடும் சப்சிஷன் பொருத்தமானது. விளிம்புள்ள குழிகளுக்கு நுண்ணூசிகளால் தோலைத் துளைக்கும் மைக்ரோநீடிலிங்கோ லேசரோ செய்கிறோம். ஒரே முகத்தில் மூன்று வகையும் கலந்திருப்பது இயல்பு என்பதால், ஒரே சிகிச்சையால் முடித்துத் தருகிறேன் என்ற பேச்சை ஏற்க வேண்டாம்.

புதுப் பருக்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அவற்றை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பிய பக்கத்திலேயே புதிய குழி விழும். எண்ணெய்ப் பசையுள்ள தோலில் 20 அல்லது 30 சதவீத சாலிசிலிக் அமில பீல் பருவுக்கும் புள்ளிக்கும் சேர்த்துப் பயன்படும். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அல்லது அண்மைக் காலம் வரை சாப்பிட்டீர்கள் என்றால், பீலுக்கு உட்காரும் முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால், மருத்துவரைப் பார்த்துப் பதப்படுத்தும் களிம்பை இப்போதே தொடங்கி, ஒத்துக்கொண்டால் மேலோட்டமான பீல் ஒன்றோ இரண்டோ செய்து, முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்திவிடுவேன். குழிகளைத் திருமணத்துக்குப் பின் நிதானமாகப் பார்க்கலாம். பெண் உங்களைப் பார்த்துத்தானே சம்மதித்திருக்கிறார்!

கேள்வி: இணையத்தில் 50 சதவீத டி.சி.ஏ. அமிலம் ஒரு புட்டி வாங்கி, காணொலியைப் பார்த்து முகத்தில் இரண்டு பூச்சுப் பூசினேன். தாங்க முடியாத எரிச்சல். மூன்று வாரம் ஆகிறது. இடது கன்னம் அடுப்புக்கரி போலிருக்கிறது. இதை நீக்க வேறு பீல் எதுவும் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: இப்போது எந்தப் பீலும் வேண்டாம், வெந்த இடத்தை மீண்டும் வேகவைப்பது போலாகும்.

நீங்கள் டி.சி.ஏ. என்று குறிப்பிடும் டிரைகுளோரோஅசிடிக் அமிலம் தோலின் புரதத்தை உறையச் செய்வதால் வெண்பனி படர்ந்தது போன்ற தோற்றம் வரும். அந்த வெண்மையின் அடர்த்தியைப் பார்த்தே அமிலம் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்று மருத்துவர் கணிக்கிறார். ஒவ்வொரு கூடுதல் பூச்சும் அதை இன்னும் கீழே இறக்கும். கிளைகாலிக் அமிலத்தைப் போல இதைச் சோடா நீரால் இடையில் நிறுத்த முடியாது. முகம் முழுவதும் பூசும்போது 35 சதவீதத்துக்கு மேல் சென்றால் தழும்பு விழும் ஆபத்து கூடுகிறது என்பதால், பயிற்சி பெற்றவர்களே அதற்கு அஞ்சுகிறார்கள். இத்தகைய செறிவான அமிலங்களை மருத்துவக் கண்காணிப்பின்றி வாங்கிப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024-இல் எச்சரித்தது. கடைகளில் விற்கும் சாதாரண ஒப்பனைப் பொருட்களில் கிளைகாலிக் வகை அமிலங்களின் அளவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வல்லுநர் குழுவின் பரிந்துரை. நீங்கள் வாங்கிய புட்டியின் செறிவை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேய்ப்பதையும் எலுமிச்சை, மஞ்சள் முதலியவற்றைப் பூசுவதையும் நிறுத்திவிட்டு, வாசனையற்ற ஈரப்பதக் களிம்பும் சன்ஸ்கிரீனும் மட்டும் பூசுங்கள். வெறும் கருமையானால், மருத்துவர் தரும் அசெலாயிக் அமிலம் போன்ற களிம்புகளால் சில மாதங்களில் மெல்ல வெளுக்கும். ஆனால் கருமைக்கு நடுவே சிவந்து, தடித்து, அரிக்கும் பகுதி ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது தழும்பு உருவாவதன் முதல் அடையாளம், தொடக்கத்திலேயே பிடித்தால் அமர்த்த முடியும்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு வெளுப்புக் களிம்பை மூன்று ஆண்டுகளாகப் பூசுகிறேன். நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, வெயிலில் நிற்க முடியவில்லை. பீல் செய்தால் சரியாகுமா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆகாது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள், ஸ்டீராய்டு கலந்த களிம்பு முகத்தை மெலியச் செய்ததைக் காட்டுகின்றன. மெலிந்த தோலில் மேலோட்டமான அமிலமும் ஆழமாக இறங்கிவிடும். மருத்துவரின் சீட்டின்றி இத்தகைய களிம்புகள் விற்கப்படுவதைத் தடுக்க 2018-இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. கடைகளில் அது எப்படி நடக்கிறது என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. களிம்பின் குழாயையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். தோல் தேறப் பல மாதங்கள் ஆகும். பீல் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எலுமிச்சைச் சாறும் தயிரும் இயற்கையான பீல் தானே?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு, மிகக் குறைந்த அளவில், அதனால் நன்மையும் குறைவு, தீமையும் குறைவு. எலுமிச்சை அப்படியன்று. அதன் சாறும் பழத்தோலின் எண்ணெயும் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால், கொப்புளம் கிளம்பிக் கோடுகோடாகக் கறுத்துவிடக்கூடும். ரசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்தச் சிகிச்சை அண்மையில் வந்த மோகமா?
- ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: இல்லை ஐயா. சாலிசிலிக் அமிலம், ரெசார்சினால், டிரைகுளோரோஅசிடிக் அமிலம், பீனால் ஆகியவை தோலில் எவ்வாறு செயல்படுகின்றன என்பதை ஜெர்மானிய மருத்துவர் உன்னா 1882-இலேயே விளக்கினார். கிளைகாலிக் வகை அமிலங்களை 1974-இல் வான் ஸ்காட், யூ என்னும் இருவர் செதில் தோல் நோய்க்கு முதலில் பயன்படுத்திக் காட்டினர். இவற்றுள் பீனால் மிக ஆழமாக இறங்குவது. இரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது. ஆகவே இதயக் கண்காணிப்புக் கருவி இல்லாத இடத்தில் அதைத் தொடக் கூடாது. நம் தோல் நிறத்துக்கும் அது உகந்ததன்று.

கேள்வி: பீல் செய்த மறுநாள் அலுவலகம் செல்லலாமா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: மேலோட்டமான பீல் என்றால் செல்லலாம். மூன்றாம் நாள் அளவில் தோல் செதில்செதிலாக உதிரத் தொடங்கும். அதை நகத்தால் பிய்க்க வேண்டாம், பிய்த்த இடம் கறுக்கும். நடுத்தர பீலானால் ஒரு வாரம் விடுப்பு எடுங்கள். உதட்டோரத்தில் அடிக்கடி கொப்புளம் வருகிறவர் என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். நடுத்தர பீலுக்கு முன் அதற்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கியாக வேண்டும். இருசக்கர வண்டியில் செல்பவரானால், உதிர்ந்து முடியும் வரை முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட்டின் உள்பஞ்சு கன்னத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; உரசுமானால் அந்தச் சில நாட்கள் பேருந்தோ மின்சார ரயிலோ ஏறுங்கள், தலைக்கவசத்தை விட்டுவிட்டு வண்டி ஓட்ட வேண்டாம்.