டெல்டா அடைமழைக்கு விண்டர் டயர் உதவுமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி அருகே விவசாயம் செய்கிறேன். விதைநெல், உரம், டீசல் இன்ஜின் ஏற்றிச் செல்ல ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வைத்திருக்கிறேன். பின் டயர்கள் இரண்டிலும் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்துவிட்டது. போன கார்த்திகையில் வாய்க்கால் கரையில் வண்டி சிக்கி, டிராக்டர் வந்துதான் இழுத்தது. கனடாவில் இருக்கும் என் மைத்துனர், "விண்டர் டயர் போடுங்கள், சேற்றிலும் பிடிக்கும்" என்கிறார். வாங்கலாமா? பின்னால் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: விண்டர் டயர் வேண்டாம். உங்கள் மைத்துனர் சொல்வது அவர் ஊருக்கு முற்றிலும் சரி. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் இல்லாமல் கார் ஓட்டுவது சட்டப்படி குற்றம். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடும். அந்தக் குளிரிலும் இளகியே இருக்கும் ரப்பரால் செய்தது விண்டர் டயர். நம் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த இளகிய ரப்பர் சித்திரை வெயிலில் காயும் தார்ச்சாலையில் வேகமாகத் தேய்ந்துபோகும், பிரேக் பிடித்தாலும் கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும்.

இதைவிட முக்கியமான காரணம் நம் மண். பனிக்குப் பனி ஒட்டும். விண்டர் டயரின் மெல்லிய கீறல்களுக்குள் பனி அடைத்துக்கொண்டால், அது சாலையிலுள்ள பனியைப் பற்றிக்கொண்டு பிடிப்பைக் கூட்டுகிறது. டெல்டாவின் களிமண் இதற்கு நேர் எதிர். பட்டன்களுக்கு இடையே களி அப்பிக்கொண்டால் டயர் எண்ணெய் தடவிய உருளைபோல ஆகிவிடும். போன கார்த்திகையில் உங்கள் வண்டிக்கும் பெரும்பாலும் இதுதான் நேர்ந்திருக்கும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது, சுழலும்போது சேற்றை வெளியே உதறும் டயர்.

அப்படி உதறுவதில் முதலிடம் மட் டெரைன் வகைக்கு. பட்டன்கள் பெரியவை, இடைவெளி அகலம். ஆனால் அதை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மனம் வரவில்லை. ஈரமான தார்ச்சாலையில் அதன் பிரேக் பிடிப்பு குறைவு, இரைச்சல் அதிகம், தேய்மானமும் அதிகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த முரட்டு டயர் ஓரிடத்தில் நின்று சுழன்றால் வாய்க்கால் கரையை வெட்டி எடுத்துவிடும். மழைக்காலத்தில் கரை பலவீனப்பட்டால் உங்கள் வயலோடு பக்கத்து வயல்களும் மூழ்கும். ஆண்டு முழுவதும் சேற்றிலேயே வேலை என்றால் மட்டும் அதை யோசிக்கலாம். பெரும்பாலும் மன்னார்குடி, திருவாரூர் என்று தார்ச்சாலையில் ஓடி, கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் மட்டும் மண் சாலையில் போகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஆல் டெரைன் வகைதான் சரி.

அதிலும் பட்டன் இடைவெளி நேராக ஓரம் வரை திறந்திருக்கும் வடிவமாகப் பாருங்கள். சேறும் தண்ணீரும் வெளியேற வழி வேண்டும். பக்கவாட்டில் உள்ள 'எம் பிளஸ் எஸ்' எழுத்துகளை மட்டும் நம்ப வேண்டாம். சேறு, பனி என்று பெயர் இருந்தாலும் சோதனை எதுவும் இல்லாமலே அதைப் பொறிக்கலாம். மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை சில ஆல் டெரைன் டயர்களில் இருக்கும். அது பனிச் சோதனையில் தேறியதன் அடையாளம், அதற்காக நீங்கள் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. அகலமான டயர் கம்பீரமாகத் தெரியும் என்று அளவைக் கூட்டவும் வேண்டாம். கப்பி சாலையின் மேல் நாலு விரல் சேறு இருந்தால், குறுகிய டயர்தான் அதைக் கிழித்துக்கொண்டு கெட்டித் தரையைத் தொடும். அளவுக்குப் பின்னால் வரும் எடை எண்ணும் பழைய டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோ.

இரண்டை மட்டும் மாற்றுவது பற்றி. புதிய டயரில் பட்டன் ஆழம் 10 மி.மீ., பழையதில் 3 மி.மீ. என்று வையுங்கள். சுற்றளவில் ஏறத்தாழ 4 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். பிக்கப்களில் பெரும்பாலும் இருப்பது, தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல். அதைப் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்கின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். கெட்டித் தரையில் வழுக்க இடமில்லாததால் கியர்கள் முறுக்கேறும். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள். தார்ச்சாலை வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள்.

ஃபோர் வீல் வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சேற்றில் கிடைத்த தைரியத்தோடு பலர் ஈரமான தார்ச்சாலையிலும் அதே வேகத்தில் போகிறார்கள். அங்கே காயவைத்த குறுவை நெல்லும் நனைந்த வைக்கோலும் கிடக்கும். தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது: 36 பி.எஸ்.ஐ. இருந்தால் மணிக்குச் சுமார் 100 கி.மீ., 25 என்றால் சுமார் 83 கி.மீ. பட்டன் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்பே மிதக்கும். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும், 3 மி.மீ. ஆனதும் மழைக்கு முன் மாற்றிவிடுங்கள்.

சேற்றில் இறங்கும் முன், பாரம் இல்லாதபோது மட்டும், காற்றை 20 பி.எஸ்.ஐ. வரை குறைக்கலாம். திரும்பத் தார்ச்சாலை ஏறும் முன் நிரப்பியாக வேண்டும், ஆகவே பேட்டரியில் ஓடும் சிறிய பம்ப் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

ஐப்பசி பிறக்கும் முன் வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கழற்றிய முன்பக்கத்து டயர்களில் பட்டன் நன்றாக உள்ள ஒன்றை, வெடிப்பு இல்லையென்றால், ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். அதை மாட்டியிருக்கும் வரை ஃபோர் வீல் போட வேண்டாம்.