கூட்டுப் பறவையைப் படமெடுக்க எவ்வளவு கிட்டே போகலாம்?

கேள்வி: பங்குனியில் கூந்தன்குளம் போகிறோம். கையில் இருப்பது 70-300 மி.மீ. லென்ஸ். தூரத்தை இன்னும் கிட்டே காட்டும் 600 மி.மீ. ஒன்று வாடகைக்கு எடுக்கட்டுமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். நாங்குநேரி பக்கம் இருக்கும் இந்த ஊரில் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களோடு நின்றுவிடுவதில்லை, ஊருக்குள் வந்து வீட்டோர மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. 1994-ல்தான் சரணாலயமாக அறிவித்தார்கள், ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே காப்பாற்றி வருகிறார்கள். தெருவில் நின்றபடியே 300-ல் நல்ல படம் கிடைக்கும். ஒன்று, கிளம்பும் முன் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வறண்ட வருடத்தில் போய் வெறும் மரத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும்.

காலை வெயில் சாய்வாக இருக்கும்போது எடுங்கள். வெள்ளை இறகுக்குப் பின்னால் இருண்ட இலை இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்சத்தை, முக்கால் ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) குறையுங்கள், இல்லையென்றால் இறகு வெளுத்துப்போய்க் கோடே தெரியாது. பின்னால் வெறும் வானம் என்றால் நேர்மாறாகக் கூட்ட வேண்டும்.

உச்சி வெயிலில் எடுக்கவே கூடாதா என்றால், எடுக்கலாம், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாய் நாரை வெயிலுக்கு முதுகைக் காட்டி, சிறகைப் பாதி விரித்து, அசையாமல் நிற்கும். அதன் நிழலில்தான் பஞ்சுக் குஞ்சுகள் கிடக்கும். நீங்கள் கிட்டே போய் அது எழுந்து பறந்துவிட்டால் குஞ்சுகள் அந்த வெயிலில் காயும், காகத்துக்கும் வழி திறந்துவிடும். பறவை கழுத்தை நீட்டி உங்களையே பார்க்க ஆரம்பித்தால் அதுவே எல்லை, அங்கிருந்து நாலு அடி பின்னால் வாருங்கள்.

கேள்வி: கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு தெரிய வேண்டுமானால் ட்ரோன் விடலாமா? மறைக்கும் கிளையைக் கொஞ்சம் விலக்கிவிடலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: இரண்டும் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதை வேட்டையோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. விலக்கிய கிளை பழைய இடத்துக்குத் திரும்பவும் திரும்பாது, கூடு பருந்துக்கு அப்படியே தெரியும். குஞ்சு நாலு வாரம் வளர்ந்தால் தானே எட்டிப் பார்க்கும் சார், அப்போது வாருங்கள்.

கேள்வி: எங்கள் மனையில் ஆட்காட்டிப் பறவை முட்டை இட்டிருக்கிறது. படமெடுத்துப் போடலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: எடுங்கள், தூரத்திலிருந்து. சரளைக் கல்லுக்கு நடுவே மண் நிறத்தில், கறுப்புத் திட்டுகளோடு, பெரும்பாலும் 4 முட்டை இருக்கும். ஆள் நடந்தால் மிதித்த பிறகுதான் தெரியும், அவ்வளவு பொருத்தமான நிறம். அப்பா அம்மா இரண்டும் தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். காருக்குள் உட்கார்ந்து எடுப்பது நல்லது, வண்டியை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. முட்டை இருக்கும் வரை ஊர்ப் பெயரையோ மனையின் அடையாளத்தையோ போடாதீர்கள். அப்புறம், ஏறக்குறைய ஒரு மாதம் அந்த மனையில் ஜேசிபியை இறக்காமல் இருக்க முடியுமா என்றும் பாருங்கள், பொரித்த குஞ்சுகள் சீக்கிரமே தானாக ஓடிவிடும்.