மாதம் 30 பக்க ரிப்போர்ட் வருகிறது, ஆஸ்பத்திரியில் ஒன்றும் மாறவில்லை: என்ன செய்யலாம்?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் குடும்பம் நடத்தும் 50 படுக்கை மருத்துவமனையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று வருடமாக சாஃப்ட்வேர் இருக்கிறது. மாதாமாதம் 30 பக்க ரிப்போர்ட் வருகிறது, மீட்டிங்கும் போடுகிறோம். ஆனால் டிஸ்சார்ஜ் தாமதம் அப்படியே இருக்கிறது, சிஸ்டர்கள் எழுதுவதற்கே நேரம் போய்விடுகிறது என்கிறார்கள். இப்போது அதே கம்பெனி ஏஐ டாஷ்போர்டு ஒன்றை எட்டு லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா? இருக்கிற டேட்டாவை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா?"

இப்போது வாங்காதீர்கள். உங்களிடம் இருக்கிற கணக்கு பிழையாக இருந்தால் டாஷ்போர்டு அதே பிழையைக் கலர் கலராகக் காட்டும், அவ்வளவுதான். வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள், கீழே சொல்வதைச் செய்து பாருங்கள், அப்புறமும் தேவைப்பட்டால் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் இப்போதே அந்தக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்: உங்கள் நோயாளிகளின் முழு டேட்டாவையும் எக்செல்லில் திறக்கிற மாதிரி, நீங்கள் கேட்கும்போதெல்லாம் தருவார்களா, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தருவார்களா. இதற்கு இழுத்தடிக்கிற கம்பெனியிடம் மேற்கொண்டு எதையும் வாங்கக் கூடாது.

முதல் வேலை அந்த 30 பக்கத்தைக் குறைப்பது. ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதப் பாருங்கள்: இந்த எண் ஏறினாலோ இறங்கினாலோ அடுத்த வாரம் தன் வேலையை மாற்றிச் செய்யப்போவது யார்? பெயர் எழுத முடியாத பக்கங்களை அடுத்த மாதம் அச்சடிக்காதீர்கள். மாநகராட்சிக்கும் அரசுக்கும் போக வேண்டியவை, அதாவது பிறப்பு இறப்புப் பதிவு, டெங்கு மலேரியா அறிவிப்பு, நிக்ஷய் தளத்தில் ஏற்றும் காசநோய்ப் பதிவு, இதெல்லாம் சட்டப்படி செய்தே ஆக வேண்டும், அதில் கை வைக்க வேண்டாம். மிச்சத்தில் ஐந்தாறு எண்கள் தேறினாலே நல்லது. மருத்துவமனையில் டேட்டா வீணாவதற்குப் பெரிய காரணம், அதை எழுதுகிறவர் ஒருவர், பார்க்கிறவர் இன்னொருவர், எழுதியவருக்கு அது திரும்பி வருவதே இல்லை. சிஸ்டர் எழுதிய எண் சிஸ்டரிடமே, அதே வாரத்தில், அவர் வேலையைச் சுலபமாக்குகிற வடிவத்தில் திரும்பி வர வேண்டும். இது நடக்காத வரை சாஃப்ட்வேர் மாற்றிப் பயனில்லை.

சரி, டிஸ்சார்ஜுக்கு வருவோம். உங்கள் ரிப்போர்ட்டில் "சராசரி டிஸ்சார்ஜ் நேரம்" என்று ஒரே ஒரு எண் இருக்கும். அதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. டாக்டர் ரவுண்டில் "இன்றைக்குப் போகலாம்" என்று சொன்ன நேரம், டிஸ்சார்ஜ் சம்மரி முடிந்த நேரம், மிச்ச மருந்து ஃபார்மசிக்குத் திரும்பிப் பில் மூடிய நேரம், டிபிஏவுக்கு, அதாவது காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கோரிக்கைகளைப் பார்க்கிற இடை நிறுவனத்துக்கு, ஃபைல் போன நேரம், அங்கிருந்து இறுதி அனுமதி வந்த நேரம், நோயாளி படுக்கையை விட்டுக் கிளம்பிய நேரம். இந்த ஆறு நேரங்களையும் மூன்று வாரத்துக்கு, ஒரே ஒரு மாடியில், ஃபைலின் மேல் கிளிப் செய்த ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். சாஃப்ட்வேரில் எழுதச் சொல்லாதீர்கள், ஏனென்றால் மதியம் ஒரு மணிக்கு நடந்ததை ஷிஃப்ட் முடியும்போது மொத்தமாக ஏற்றுவார்கள், அதில் வருகிற நேரம் ஏற்றிய நேரம்தான், நடந்த நேரம் ஆகாது.

எல்லோரும் டிபிஏ மேல் பழி போடுவார்கள். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும். அதற்கும் இந்தத் தாள்தான் உங்களுக்கு ஆயுதம். 2024 மே மாதத்தில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட மாஸ்டர் சர்குலர்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு, அதாவது பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டக் கேட்பதற்கு, ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் கோரிக்கை போன 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். தாண்டினால், அதனால் மருத்துவமனை கேட்கிற கூடுதல் கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும், நோயாளி தலையில் கட்டக் கூடாது. ஆனால் அந்த 3 மணி நேரம் நீங்கள் ஃபைல் அனுப்பியதிலிருந்து ஓடத் தொடங்குகிறது. டாக்டர் பத்து மணிக்குச் சொல்லி, சம்மரி இரண்டு மணிக்கு டைப் ஆகி, ஃபைல் மூன்று மணிக்குப் போனால், முதல் ஐந்து மணி நேரம் உங்களுடையது. மும்பையில் விசிட்டிங் கன்சல்டன்ட் காலையில் ஒரு நர்சிங் ஹோம், மதியம் இன்னொன்று என்று டிராஃபிக்கில் ஓடுகிறவர். அவர் கையெழுத்துக்காக ஆர்எம்ஓ, அதாவது மருத்துவமனையிலேயே இருக்கும் டியூட்டி டாக்டர், சம்மரியை எழுதாமலே வைத்திருப்பது மிக வழக்கம். முந்தின நாள் மாலையே "நாளைக்குப் போக வாய்ப்பு" என்று மூன்று நான்கு பெயரைக் குறித்து, சம்மரியின் வரைவையும் மருந்து ரிட்டர்னையும் இரவே முடித்து வைத்தால், இதில் பெரும்பகுதி குறையும். ஆனால் நான் சொல்கிறேன் என்று இதைச் செய்யாதீர்கள். உங்கள் தாளில் எந்த இடைவெளி பெரியதாகத் தெரிகிறதோ அதைத்தான் தொட வேண்டும், அது ஃபார்மசியாகவும் இருக்கலாம், லிஃப்டுக்கும் வீல்சேருக்கும் காத்திருப்பதாகவும் இருக்கலாம். வார்டு உதவியாளர்களான மாமாவையும் மௌஷியையும் கேட்டுப் பாருங்கள், மீட்டிங்கில் யாரும் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இதில் என்ன லாபம் என்று பங்குதாரர்கள் கேட்டால் கணக்கு சுலபம். ஒரு நாளைக்கு 12 டிஸ்சார்ஜ், ஒவ்வொன்றிலும் 2 மணி நேரம் மிச்சம் என்றால் 24 மணி நேரம். ஒரு செங்கல் வைக்காமல் ஒரு படுக்கை கூடுதலாகக் கிடைத்த மாதிரி. டெங்கு சீசனில் காஷுவல்ட்டியில் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருக்கும் நோயாளிக்கு அந்தப் படுக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

எண்களைப் பார்க்கிற விதமும் மாற வேண்டும். சராசரியை விடுங்கள், நடு எண்ணை, அதாவது மீடியனை எடுங்கள். பணம் திரட்டப் போன ஒரு குடும்பம் இரவு பதினொன்றுக்குத் திரும்பி வந்தால் அந்த ஒரு கேஸே சராசரியை எங்கோ இழுத்துவிடும். அன்றைய டிஸ்சார்ஜ் ஒவ்வொன்றும் எடுத்த நேரத்தை ஏறுவரிசையில் எழுதி நடுவில் இருப்பதை எடுத்தால் போதும். அதைத் தினமும் ஒரு புள்ளியாகக் கிராஃப் தாளில் வைத்து, நர்சிங் ஸ்டேஷன் சுவரில் ஒட்டுங்கள். முதல் மூன்று வாரப் புள்ளிகளின் நடுவே ஒரு கோடு. பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே தொடர்ந்து ஆறு புள்ளிகள் விழுந்தால் நீங்கள் செய்தது வேலை செய்கிறது என்று நம்பலாம். ஒரு நாள் ஏறுவதும் மறுநாள் இறங்குவதும் இயல்பு, அதற்குக் காரணம் தேடி யாரையும் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். இயல்பான ஏற்ற இறக்கம் எது, உண்மையான மாற்றம் எது என்று பிரிக்கிற இந்த வழி 1924இல் பெல் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் தொழிற்சாலைப் பொருள்களுக்காக வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்திலிருந்து வந்தது. மருத்துவமனைகள் அதை எடுத்துக்கொண்டு நல்ல பலன் கண்டிருக்கின்றன. மாதத்துக்கு ஒரு எண்ணைப் போன மாத எண்ணோடு ஒப்பிட்டு "8 சதவீதம் முன்னேற்றம்" என்று சொல்கிற ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை. அதிலும் மும்பையில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை டெங்கு, மலேரியா, லெப்டோ என்று வார்டே வேறு மாதிரி இருக்கும்போது ஆகஸ்டை மே மாதத்தோடு ஒப்பிடவே கூடாது. போன ஆகஸ்டோடு ஒப்பிடுங்கள்.

தொற்றுக் கணக்குக்கு இது இன்னும் முக்கியம். சிறுநீர் கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) தொற்றை 1000 கதீட்டர் நாளுக்கு எத்தனை என்று சொல்வதுதான் முறை, ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள், மருத்துவமனைத் தரச் சான்று தருகிற என்ஏபிஹெச் ஆய்வுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் உங்கள் அளவு மருத்துவமனையில் மாதத்துக்கு 150 கதீட்டர் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொற்று வந்தால் விகிதம் 6.7, இரண்டு வந்தால் 13.3, ஒன்றுமே வராவிட்டால் பூஜ்யம். "இரட்டிப்பாகிவிட்டது" என்று பதறுவதற்கும் "பூஜ்யம் ஆக்கிவிட்டோம்" என்று கேக் வெட்டுவதற்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு நோயாளி. சின்ன மருத்துவமனைக்கு நான் சொல்வது, கடைசித் தொற்றுக்கும் இந்தத் தொற்றுக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணுங்கள். அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனால் சரியாகப் போகிறீர்கள். கூடவே தினமும் காலையில் சிஸ்டர் ஒரே கேள்வி கேட்கட்டும்: இந்தக் கதீட்டர் இன்றைக்கும் தேவையா? தேவையில்லாமல் கிடக்கும் கதீட்டரை எடுப்பதுதான் தொற்றைக் குறைக்க மிக எளிய வழி.

அடுத்து, எழுதியிருப்பது உண்மையா என்று பார்க்க வேண்டும். ஏதாவது இருபது சார்ட்டை எடுங்கள், மூச்சு எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லோருக்கும் 20 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை. நோயாளி மோசமாகப் போவதை முதலில் காட்டுகிற அறிகுறிகளில் மூச்சு எண்ணிக்கை ஒன்று, அதுதான் எண்ணாமலே எழுதப்படுகிறது, இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம். ரத்த அழுத்தத்திலும் ஒரு சோதனை உண்டு. டிஜிட்டல் கருவியில் உண்மையாக எடுத்தால் கடைசி இலக்கம் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பரவலாக வரும், பத்தில் ஒரு பங்குதான் பூஜ்யத்தில் முடியும். முக்கால்வாசி 120/80, 130/90 என்று இருந்தால் புரிந்துகொள்ளுங்கள். இதற்காக சிஸ்டர்களைத் திட்டாதீர்கள். இரவு ஷிஃப்டில் ஒருவர் பதினைந்து நோயாளியைப் பார்த்துக்கொண்டு, ஒரே எண்ணைச் சார்ட்டிலும் கம்ப்யூட்டரிலும் ஹேண்டோவர் புத்தகத்திலும் மூன்று முறை எழுத வேண்டியிருந்தால் இப்படித்தான் ஆகும். மூன்றில் இரண்டை நிறுத்துங்கள், எண்ணுவதற்கு நேரம் கிடைக்கும். தண்டனைக்குப் பயன்படும் எண் எப்போதுமே அழகாகத்தான் வரும். இங்கிலாந்தில் அவசரப் பிரிவில் 4 மணி நேர இலக்கு வைத்தபோது, நான்கு மணி நேரம் முடிவதற்குச் சற்று முன்னால் வார்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை திடீரென்று உயர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தவறு நடந்ததை எழுதியவருக்கு மெமோ கொடுத்தீர்களானால் அடுத்த மாதம் தவறே இருக்காது, தாளில் மட்டும்.

பெயர் குழப்பம் நம்மவர்களிடம் தனிப் பிரச்சினை. மும்பை ஃபாரத்தில் சர்நேம் கேட்பார்கள், தமிழருக்கு இருப்பதோ இனிஷியல். ஒரு தடவை அப்பா பெயரைச் சர்நேமாகப் போடுவார், இன்னொரு தடவை ஊர்ப் பெயரை, மூன்றாவது தடவை பையன் வந்து பதிந்தால் வேறு எழுத்துக்கூட்டல். ஒரே சுப்பிரமணியத்துக்கு மூன்று நம்பர், மூன்று கேஸ் பேப்பர். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியது முதல் நம்பரோடு போய்விடும். இது உயிருக்கே ஆபத்து. பதிவு கவுன்டரில் மொபைல் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துத் தேடிவிட்டுத்தான் புது நம்பர் போட வேண்டும் என்று விதி வையுங்கள். மொபைல் மட்டும் போதாது, வீடு முழுவதும் ஒரே எண்ணைக் கொடுப்பார்கள். அரசின் 14 இலக்க ஆபா சுகாதார அடையாள எண் வைத்திருப்பவர்கள் சம்மதித்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இருக்கிற பதிவில் இரட்டைகளைத் தேடி இணைக்க ஒரு ஆளை இரண்டு மாதத்துக்குப் போடுங்கள், அந்தச் சம்பளம் டாஷ்போர்டு விலையில் ஒரு சின்னப் பகுதிதான்.

கடைசியாகப் பாதுகாப்பு, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்ல வேண்டியது. எக்ஸ்ரேயும் ரிப்போர்ட்டும் பெயரோடு வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுவதை நிறுத்துங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், போதிய பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் உண்டு. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் ரான்சம்வேரால், அதாவது ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸால், முடங்கியபோது அவ்வளவு பெரிய நிறுவனமே சுமார் இரண்டு வாரம் கையால் எழுதி ஓட்டியது. பேக்கப் எடுக்கிறோம் என்று உங்கள் ஐடி ஆள் சொன்னால் நம்பி விட்டுவிடாதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதிலிருந்து நேற்றைய ஃபைலை மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பிரதி நெட்வொர்க்கோடு இணையாமல் தனியாக இருக்க வேண்டும். வெற்றுக் கேஸ் பேப்பர், மருந்துச் சார்ட், பில் புத்தகம் அச்சடித்து எந்த அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்பது இரவு ஷிஃப்ட் சிஸ்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.