தகுதி இருந்தும் காலம் ஒத்துவராமல் போன விளையாட்டு வீரர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

தொமோகோ ஃபுகுமி. ஜப்பான் ஜூடோவை விடாமல் பார்ப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. உலக சாம்பியன் பட்டம் வாங்கியவர்தான், ஆனாலும் என் பதில் அவர்தான்.

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக் ஜூடோவில் ஒரு எடைப்பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒருவர்தான் போக முடியும். நமக்கு அந்த ஒருவரைத் தகுதி பெற வைப்பதே பெரும்பாடு. ஜப்பானில் கதை வேறு. பெண்கள் 48 கிலோ பிரிவில் அங்கே முதல் மூன்று நான்கு பேரில் யாரை அனுப்பினாலும் பதக்கத்தை எதிர்பார்க்கலாம். அதனால் அங்கே உண்மையான சண்டை உள்ளூரில்தான் நடக்கும்.

அந்த 48 கிலோவில் ரொம்ப காலம் ரியோகோ தானி ராஜ்ஜியம். கல்யாணத்துக்கு முன்னால் தமுரா. உயரம் ஐந்தடி கூட இல்லை. 1992, 1996 ஒலிம்பிக்கில் வெள்ளி, 2000, 2004-இல் தங்கம், 1993-இலிருந்து 2003 வரை தொடர்ந்து ஆறு உலகப் பட்டங்கள். சிட்னிக்குப் போகும் முன் "அதிகபட்சம் தங்கம், குறைந்தபட்சமும் தங்கம்" என்று சொல்லிவிட்டுப் போய் அப்படியே வாங்கி வந்தவர். ஜூடோ பார்க்காத ஜப்பானியருக்கும் அவரைத் தெரியும்.

2002 ஏப்ரலில் நடந்த தேசிய எடைப்பிரிவுப் போட்டியில் இந்த தானியை முதல் ஆட்டத்திலேயே தோற்கடித்தது இபராகி மாகாணத்தைச் சேர்ந்த, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பெண். அவர்தான் ஃபுகுமி. ஜப்பானியர்களிடம் தானி தொடர்ந்து வென்றுவந்த 65 ஆட்டங்களின் கணக்கு அன்றோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பெண் எங்கே போனாலும் 'தானியை ஜெயித்த பொண்ணு' என்றுதான் பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு சில வருடங்கள் பெரிதாக எதுவும் அமையவில்லை. பதினாறு வயதில் அப்படி ஒரு பாரத்தைத் தலையில் வைத்தால் வேறென்ன நடக்கும்?

அடுத்தது 2007. தானி குழந்தை பெற்று, இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வருகிறார். அதே தேசியப் போட்டி, இந்த முறை இறுதி ஆட்டம், எதிரே ஃபுகுமி. மறுபடியும் ஃபுகுமிதான் ஜெயித்தார். அந்த வருடம் ரியோவில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்கு யாரை அனுப்பினார்கள் தெரியுமா? தானியை. சர்வதேச அனுபவம், பழைய சாதனை என்று காரணம் சொன்னார்கள். ஜப்பானிலேயே விமர்சனம் வந்தது. தானி போனார், ஏழாவது உலகப் பட்டத்தோடு திரும்பினார், எதிர்த்துப் பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். நியாயமாகப் பார்த்தால், தங்கம் வந்ததால் மட்டும் அந்தத் தேர்வு சரியாகிவிடாது. ஃபுகுமி போயிருந்தாலும் தங்கம் வந்திருக்கலாமே, அதை யார் சோதித்துப் பார்த்தார்கள்?

2008-இல் இன்னும் மோசம். தேசிய இறுதி ஆட்டத்தில் இந்த முறை எமி யமாகிஷி தானியை வென்றார், பெய்ஜிங்குக்கு மறுபடியும் தானியே போனார். அரையிறுதியில் ருமேனியாவின் அலினா துமித்ருவிடம், கடைசி நேரத்தில் கிடைத்த ஒரு அபராதத்தில் தோற்று வெண்கலம். தங்கம் துமித்ருவுக்கு. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

தானி ஒதுங்கியதும் வழி திறந்தது. 2009-இல் ராட்டர்டாமில் ஃபுகுமி உலக சாம்பியன். சரி, இனி இவர் காலம்தான் என்று பார்த்தால், ஹருனா அசாமி என்று இன்னொருவர் வந்து நிற்கிறார், வயதில் இளையவர். உலகப் போட்டிக்கு ஒரு பிரிவில் ஒரு நாடு இரண்டு பேரை அனுப்பலாம் என்று அப்போது விதி மாறியிருந்தது. 2010 டோக்கியோவிலும் சரி, 2011 பாரிஸிலும் சரி, இறுதி ஆட்டம் அசாமிக்கும் ஃபுகுமிக்கும்தான். இரண்டிலும் ஜெயித்தது அசாமி. உலகில் மிச்சம் இருந்த அத்தனை பேரையும் ஓரம்கட்டிவிட்டு, சொந்த நாட்டுக்காரரிடம் தோற்று இரண்டு வெள்ளி!

2012 லண்டனுக்கு ஒரே ஒரு இடம். இங்கேதான் கதை தலைகீழாகிறது. அடுத்தடுத்து இரண்டு உலகப் பட்டம் வாங்கிய அசாமியை விட்டுவிட்டு ஃபுகுமியைத் தேர்வு செய்தார்கள். முன்பு தானிக்காக ஃபுகுமி உட்கார்ந்திருந்தார், இப்போது ஃபுகுமிக்காக அசாமி உட்கார வேண்டியதாயிற்று. (அசாமி கடைசிவரை ஒலிம்பிக்கில் ஆடவே இல்லை. இந்தக் கேள்விக்கு அவர் பெயரையும் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது.)

லண்டனில் முதல் நாளே 48 கிலோ. ஃபுகுமிக்கு அப்போது 27 வயது. அரையிறுதியில் எதிரே வந்தவர் அதே துமித்ரு. தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஹங்கேரியின் ஏவா செர்னோவிஸ்கியிடமும் தோல்வி. ஐந்தாம் இடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம்ம மணிப்பூர் சுசீலா தேவி முதல் சுற்றில் தோற்றதும் இதே செர்னோவிஸ்கியிடம்தான், அதனால் அந்தப் பெயர் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தங்கம் பிரேசிலின் சாரா மெனேசஸுக்குப் போனது. அடுத்த வருடமே ஃபுகுமி ஓய்வு பெற்றார், பிறகு பயிற்சியாளர் ஆனார்.

வாய்ப்பு கிடைத்தும் தோற்றுத்தானே போனார், காலத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். 2007-இல் கிடைக்க வேண்டிய முதல் பெரிய மேடை இரண்டு வருடம் தள்ளிப்போனது என்பதுதான் என் வாதம். அந்த வயதில், எடை குறைத்து எடை குறைத்து ஆடும் 48 கிலோவில், இரண்டு வருடம் சாதாரண விஷயம் இல்லை. லண்டனில் ஆடியது 2009-இல் பார்த்த ஃபுகுமி இல்லை என்றே எனக்குத் தோன்றியது.

அப்புறம், தேர்வில் இப்படிச் செய்திருக்கலாமே என்பதற்கு ஜப்பானிலேயே பின்னால் ஒரு உதாரணம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஆண்கள் 66 கிலோவில் ஹிஃபுமி அபேவா, ஜோஷிரோ மருயாமாவா என்று முடிவெடுக்க முடியாமல், 2020 டிசம்பரில் டோக்கியோவில் ஜூடோவின் தலைமையகமான கொடோகனில் பார்வையாளர்கள் இல்லாமல் இரண்டு பேரையும் நேருக்கு நேர் ஒரே ஒரு ஆட்டம் ஆடவிட்டார்கள். 24 நிமிடம் நீண்டது. அபே ஜெயித்தார், அபே போனார், தங்கமும் வாங்கினார். மருயாமாவும் உலக சாம்பியன்தான், அவருக்கும் வலித்திருக்கும். ஆனால் ஜெயித்தவரை வீட்டில் உட்கார வைக்கவில்லை.