டி.சி. கேட்டு உங்கள் கையால் எழுதித் தராதீர்கள்

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் கூடலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வயது 15. வாயால் கேட்டால் பதில் சரியாகச் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்து இடம் மாறும், பாதி வார்த்தை விட்டுப்போகும். போன வருடம் முகாமில் பார்த்த டாக்டர் 'டிஸ்லெக்சியா, கற்றல் குறைபாடு' என்றார். சான்றிதழ் எதுவும் வாங்கவில்லை. இப்போது பள்ளியில், 'பத்தாம் வகுப்பில் இவனால் ரிசல்ட் போய்விடும். 14 வயது தாண்டிவிட்டதால் நாங்கள் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. உதகையிலோ கோவையிலோ சிறப்புப் பள்ளி பாருங்கள்' என்கிறார்கள். சொந்த விருப்பத்தில் டி.சி. கேட்பதாக எழுதித் தரச் சொல்லி, திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: திங்கட்கிழமை போங்கள், அம்மா. ஆனால் அந்தக் கடிதத்தை மட்டும் எழுதித் தராதீர்கள்.

ஏன் இதை முதலில் சொல்கிறேன் என்றால், நீங்கள் எழுதிக் கொடுத்த நிமிடத்திலிருந்து பள்ளி உங்கள் பிள்ளையை அனுப்பியதாக ஆகாது. நீங்களே கூட்டிக்கொண்டு போனதாக ஆகிவிடும். பிறகு எந்த அதிகாரியிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பேசிப் பேசிக் களைத்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜூன் மாதம் கண்ணீரோடு வந்து நிற்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஒருவேளை ஏற்கெனவே எழுதித் தந்திருந்தால், அதைத் திரும்பப் பெறுவதாக இன்றே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அந்த 14 வயதுக் கணக்குக்கு வருவோம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கும்தான். அதுவரை அவர்கள் சொல்வது சரி. ஆனால் அதற்குப் பின் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, தன் 31-ஆவது பிரிவில் இந்த வரம்பைத் தள்ளிவைத்துவிட்டது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அதுவும் எங்கே? அருகிலுள்ள பள்ளியில், அல்லது சிறப்புப் பள்ளியில், பிள்ளையின் விருப்பப்படி. விருப்பம் பிள்ளையுடையது, பள்ளியுடையது இல்லை. நடுவட்டம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் மலையேறி உதகைக்குப் போ என்று சொல்லும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. சட்டம் பட்டியலிட்டிருக்கும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று.

அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிக்கும், வெறும் அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளிக்கும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளைக்குத் தேவையான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடித்து அதற்கேற்ற முறையில் சொல்லித்தர வேண்டும். ஒன்பதாம் வகுப்பு வரை கண்டுகொள்ளாமல் விட்டது பள்ளியின் தவறு. அதற்கான தண்டனையைப் பையன் அனுபவிப்பது எந்த வகையிலும் நியாயம் இல்லை.

'எங்களிடம் சிறப்பாசிரியர் இல்லையே' என்பார்கள். 2021-இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், உயர்நிலை வகுப்புகளில் இப்படிப்பட்ட 15 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நியமனம் முடியும்வரை ஒரே ஆசிரியர் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குப் போய்வரலாம் என்றும் வழி காட்டியது. கூடலூர் வட்டார வள மையத்தில், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்களைக் கேளுங்கள். மதிப்பீட்டு முகாம் எப்போது என்பதையும் அங்கேயே விசாரிக்கலாம்.

உங்கள் வழக்கில் பலவீனமான இடம் ஒன்றுதான்: சான்றிதழ். டாக்டர் வாயால் சொன்னது போதாது. முகாமிலோ, உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதிப்பீடு செய்து சான்றிதழ் வாங்குங்கள். அதோடு மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (யு.டி.ஐ.டி.) சேர்த்தே விண்ணப்பியுங்கள். உதகைக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகும், தெரியும். ஆனால் இந்த ஒரு தாள் பத்தாம் வகுப்புக்கும், பிறகு பன்னிரண்டாம் வகுப்புக்கும் உதவும். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், இரண்டாம், மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகிய மூன்றையும் 17-ஆவது பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. உங்கள் மகன் வாயால் பதில் சொல்பவன் என்கிறீர்கள். சொல்வதை எழுத ஒருவர் இருந்தால் அவன் தேர்வே வேறு மாதிரி இருக்கும். இந்த விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே பொதுத்தேர்வு நெருங்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மதிப்பீட்டில் 40 சதவீதத்துக்குக் கீழே வந்துவிட்டால்? 31-ஆவது பிரிவின் இலவசக் கல்வியைக் கோர முடியாது. ஆனால் 16-ஆவது பிரிவின் கடமைகளுக்கு இந்த 40 சதவீத நிபந்தனை கிடையாது. தேர்வு உதவிக்கும் அப்படித்தான். விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் கோளாறு உள்ள ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லாமலே, சொல்வதை எழுதுபவரின் உதவி உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, திங்கட்கிழமை கையில் என்ன கொண்டுபோவது? வெள்ளைத் தாளில் இப்படி எழுதுங்கள்: 'என் மகன் இதே பள்ளியில் பத்தாம் வகுப்பைத் தொடர விரும்புகிறான். நாங்கள் டி.சி. கேட்கவில்லை. அவனுக்குக் கற்றல் குறைபாடு இருப்பதாக முகாமில் மருத்துவர் கூறினார். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16, 17 பிரிவுகளின்படி சிறப்பாசிரியர் உதவியும் தேர்வுச் சலுகைகளும் பெற்றுத் தரக் கேட்டுக்கொள்கிறோம்.' நீங்கள் இருவரும் கையெழுத்துப் போடுங்கள், மகனும் போடட்டும். ஒரு நகலில் பள்ளி முத்திரையோடு பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கோபமாக ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அவன் அந்த வகுப்பறையில்தான் உட்காரப் போகிறான்.

அதற்கும் மசியவில்லை என்றால் உதகையில் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் மனு கொடுங்கள். அதற்கும் மேல் சென்னையில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்க அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால், அதைப் பெற்ற அதிகாரி எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 89-ஆவது பிரிவு சொல்கிறது.

வக்கீல் செலவுக்குப் பயந்து பின்வாங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். சட்ட உதவி கேட்டுப் போகும்போது மகனின் மதிப்பெண் அட்டைகள், ஆதார், முத்திரை வாங்கிய அந்த நகல் மூன்றையும் எடுத்துப் போங்கள்.