தட்டட்டியில் தொலைநோக்கி: கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டையில வீட்டுத் தட்டட்டி மேல தகரக் கொட்டகை போட்டு, கூரையை உருட்டித் தள்ளி வானம் பார்க்கிறவன் நான். கருவி, விளக்குத் தொல்லை பத்தி கேளுங்க. எந்த கேமரா வாங்கலாம்னு மட்டும் கேட்காதீங்க.

கே (வள்ளியூர்): அண்ணாச்சி, தெருவுல சோடியம் விளக்கை எடுத்துட்டு வெள்ளை எல்இடி மாட்டிட்டாங்க. பழைய ஃபில்டர் (விளக்கு வெளிச்சத்தை வெட்டுற கண்ணாடி) உதவல. புதுசு எது?

ப: காசைக் கரியாக்காதீங்க. சோடியம் விளக்கு பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை, அதாவது மஞ்சளை, ஒட்டித்தான் எரியும். அந்தத் துண்டை மட்டும் வெட்டினா வானம் கறுத்துடும். வெள்ளை எல்இடி நீலத்துல இருந்து சிவப்பு வரை பரவிக் கிடக்கு. அதை வெட்டப் போனா நட்சத்திர வெளிச்சமும் சேர்ந்து போகும். ஓரியன் நெபுலா மாதிரி வாயு மேகத்துக்கு குறுகிய ஃபில்டர் கைகொடுக்கும், காலக்ஸிக்கு இல்ல. முதல்ல விளக்கு நேரா குழல்ல விழாம மறைங்க. நான் நர்சரிக்காரங்க கட்டுற பச்சை வலையை ரெண்டு மடிப்பா கட்டியிருக்கேன். முதல்ல பழைய கல்யாண ஃபிளெக்ஸைத்தான் கட்டினேன். ஆடிக் காத்துல பொண்ணு மாப்பிள்ளையோட பக்கத்து வீட்டுத் தென்னையில போய் உக்காந்துடுச்சு.

கே (அம்பாசமுத்திரம்): லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி தெரியுது. துடைச்சும் போகல.

ப: பூஞ்சை. ஐப்பசி கார்த்திகையில பனி இறங்கின லென்ஸை அப்படியே மூடி போட்டு வச்சிருப்பீங்க. ஈரத்தோட மூடாதீங்க. உள்ள கொண்டுவந்து ஒரு மணி நேரம் திறந்து வச்சு, காய்ஞ்ச பிறகு மூடுங்க. பெட்டியில சிலிக்கா ஜெல் போடுங்க. நீலம் ரோஸ் ஆனா இளஞ்சூட்டுல வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த நீலத்துல கோபால்ட் உண்டு, சமையல் சட்டியில வறுக்காதீங்க.

கே (நாங்குநேரி): மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்புற மோட்டார் அடி) வேகமா திரும்பும்போது அணைஞ்சு அணைஞ்சு வருது. போர்டு போயிடுச்சா?

ப: போர்டைத் தொடாதீங்க. பேட்டரி கீழ்வீட்டுல, வயர் ஒரு ஸ்கொயர் எம்எம், நீளம் 15 மீட்டர்னு எழுதியிருக்கீங்க. போக வர 30 மீட்டர், அரை ஓம் ஆச்சு. 3 ஆம்பியர் இழுத்தா ஒண்ணரை வோல்ட் வழியிலயே காலி. 12 கிளம்பினா பத்தரைதான் வந்து சேரும். நாலு ஸ்கொயர் எம்எம் போடுங்க, இல்லன்னா பேட்டரியை மேல ஏத்துங்க.

கே (களக்காடு): துருவ நட்சத்திரம் தெரியவே மாட்டேங்குது. மவுண்டை எப்படி நேர்படுத்த?

ப: நம்ம ஊர் அட்சரேகை 8.7 டிகிரி, துருவமும் அடிவானத்துல இருந்து அவ்வளவு உயரம்தான். கையை நீட்டி விரலை மடக்கி முஷ்டி பிடிச்சா, அந்த ஒரு முஷ்டி உயரத்துக்குள்ள துருவம் கிடக்கு. தென்னையும் புழுக்கமும் விடுமா? ஒரு நட்சத்திரம் நகர்றதை வச்சுத்தான் சரிபண்ணணும். உச்சிக்கோட்டுல (வடக்கு தெற்கா தலைக்கு மேல போற கோடு), வான நடுக்கோட்டை (பூமத்திய ரேகைக்கு நேர் மேல வானத்துல போற கோடு) ஒட்டின நட்சத்திரம் தெற்கே நழுவினா, துருவத்தைப் பார்க்க வேண்டிய மவுண்டோட சுழல் அச்சு கிழக்கே சாய்ஞ்சிருக்கு. கிழக்குல தாழ்வா இருக்கிறது தெற்கே நழுவினா, அச்சு தாழ்ந்திருக்கு. காந்த ஊசியை நம்பாதீங்க. தளத்துக் கம்பி அதைத் தன்பக்கம் இழுத்துடும். முக்காலியில ஒரு கால் தெற்கே இருக்கட்டும். வடக்கே வச்சா எதிர் எடை மாட்டுற கம்பி அந்தக் கால்ல இடிக்கும்.

இடையில, சேரன்மகாதேவி ஆசிரியர் (ஓய்வு): தம்பி, பகல்லயே வடக்கு கிடைக்கும்போது ராத்திரி எதுக்குப் பாடு? தூக்குக்குண்டு நிழல் போதுமே.

ப: சார், 12 மணி நிழலைப் பிடிச்சா தப்பாயிடும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு, நாம 77.7-ல. நமக்கு உச்சி சராசரியா 12.19-க்கு, அதுவும் மாசத்துக்கு மாசம் கால்மணி வரை தள்ளும். சித்திரை பிறக்கிற சமயம் உச்சி நிழல் காலடியிலயே ஒடுங்கிடும்.

ஆசிரியர்: மணியே எனக்கு வேண்டாமே! வட்டம் போட்டு நடுவுல குச்சி நடு. காலையில நிழல் நுனி வட்டத்தைத் தொடுற இடம், சாயங்காலம் தொடுற இடம், ரெண்டையும் சேர்த்தா கிழக்கு மேற்கு. கோயில் கட்டினவன் கடிகாரமா பார்த்தான்?

ப: சரி சார், தோத்துட்டேன். சித்திரையிலயும் நடக்கும். மேல சொன்ன நழுவல் சோதனை மட்டும் கடைசியில ஒருதரம், படம் எடுக்கணும்னா.

களக்காடு: அப்ப அருந்ததி?

ப: அது சப்தரிஷி மண்டலத்துல மிசார் (வசிஷ்டர்) பக்கத்துல இருக்கிற அல்கோர். மவுண்டுக்கு உதவாது, கண்ணு சோதிக்க நல்லது.

கே (தென்காசி): எல்இடிக்கு எந்த ஃபில்டர் நல்லது?

ப: வள்ளியூர்க்காரருக்குச் சொன்னது.

கே (ராதாபுரம்): எல்இடி ஃபில்டர் லிங்க் தாங்க.

ப: பச்சை வலை. மீட்டர் கணக்குல விப்பாங்க.

கே (வீரவநல்லூர்): ஃபைண்டர்ல (குறிபார்க்கிற சின்னக் குழல்) ஒண்ணுமே தெரியல, இருட்டா இருக்கு.

ப: மூடியைக் கழட்டினீங்களா? கழட்டியும் இருட்டுன்னா, முன்பக்கம் டார்ச் அடிச்சுப் பாருங்க. எனக்கு ஒருதடவை குளவி உள்ளயே மண்கூடு கட்டி, பச்சைப் புழுவை அடைச்சு வச்சிருந்தது. குச்சியால குத்தாதீங்க, கண்ணாடி கீறிடும். நனைச்சு ஊறவிட்டு எடுங்க. எடுத்ததும் காய வைங்க, ஈரத்தோட மூடாதீங்க.