மணல் ஈப் புண்ணுக்கு மஞ்சள் பற்றுப் போடலாமா?

வணக்கம். பொலன்னறுவையில் வேலை செய்துவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிய உங்கள் தம்பியின் முழங்கையில் மாதக்கணக்காக வலியோ அரிப்போ இன்றி இருக்கும் புண்ணை வைத்தியர் லீஷ்மேனியாசிஸ் (மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோய்) எனச் சந்தேகிப்பதாகவும், மஞ்சளிலுள்ள குர்குமின் அந்த ஒட்டுண்ணியைக் கொல்லும் என்று வாசித்ததால் கிளினிக்குக்குப் போகுமுன் பற்றுப் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள்.

நீங்கள் வாசித்தது பொய்யல்ல. ஆய்வுகூடக் குடுவையில் குர்குமின் இந்நோயின் ஒட்டுண்ணியான லீஷ்மேனியாவை அழித்திருக்கிறது. ஆனால் மணல் ஈ கடித்த உடலில் அந்த ஒட்டுண்ணி தோலுக்குள், நம்மைக் காக்க வேண்டிய மக்ரோபேஜ் கலங்களுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது. நீரில் எளிதில் கரையாததும் விரைவில் சிதைவதுமான குர்குமின், மேலே பூசிய பற்றிலிருந்து அவ்வளவு ஆழத்துக்குப் போதிய அளவில் சென்றடையும் என்று நம்ப இடமில்லை. மலேரியாவுக்கான ஆர்டெமிசினினும் செடியிலிருந்து வந்ததுதான். எனினும் 1971இல் சீன விஞ்ஞானி தூ யூயூவின் குழு கொதிக்கவைக்காமல் ஈதரைக் கொண்டு சாறெடுத்த பின்னரே அதன் ஆற்றல் உறுதியாக வெளிப்பட்டது, அதற்குப் பிறகும் அளவும் பாதுகாப்பும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட வேண்டியிருந்தது. குர்குமின் இன்னும் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை.

கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்க் கிளினிக்குக்குத் தம்பியை அழைத்துச் செல்லுங்கள். புண்ணின் ஓரத்திலிருந்து மாதிரி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். நோய் உறுதியானால் சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் என்ற மருந்தைப் புண்ணுக்குள் ஊசியாக ஏற்றுவது அல்லது திரவ நைதரசனால் உறையவைப்பது வழக்கம். பொலன்னறுவையில் இருந்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.